தையல் இல்லாத ஆபரேஷன்

எங்கள் ஊரில் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களைப் பார்க்கப் போனால், ரொட்டியும் சாத்துக்குடியும் கொடுத்துவிட்டுத் தையலையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். தையல் எவ்வளவு பெரிதோ, படுத்திருப்பவருக்கு அவ்வளவு மரியாதை. அம்மாவுக்கு வந்த சிக்கலே அதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவளுடைய சிறுநீரகக் கல்லை, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு லேசரால் உடைத்து எடுத்துவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, அதை எடுக்கும்வரை குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உள்ளே இருப்பதை யாருக்குக் காட்டுவது?

அது நடவு நேரம். யார் கழனிக்கு, யார் அடுப்படிக்கு என்பதெல்லாம் அப்பாவின் அண்ணியான பெரியம்மாவின் அதிகாரம். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னாள்:

“கத்தியே படலன்னு கொழுந்தனாரு சொல்றாரு. அது இன்னா ஆபரேஷன்? சாயங்காலம் வந்து பாக்கறேன். தையலு இல்லன்னா நாளைக்கு நடவுக்கு வந்துடணும்.”

அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அன்று அத்தை உத்திரமேரூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பஞ்சும் பிளாஸ்டரும் வாங்கிவந்தாள். அம்மாவின் இடுப்பில் இடது பக்கம் முழ நீளத்துக்கு ஒட்டிவிட்டாள். சாயங்காலம் வந்த பெரியம்மா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அம்மா குளித்த பிறகு அத்தை புதிதாக ஒட்டினாள். அவசரத்தில் வலது பக்கம் ஒட்டிவிட்டாள். கழனிக்குப் போகும் வழியில் பெரியம்மா எட்டிப்பார்த்தாள்.

“நேத்து அந்தப் பக்கம் இருந்துச்சே?”

அத்தை அசரவேயில்லை.

“ரெண்டு பக்கமும்தான் தொளை போட்டுக்கீறாங்க அண்ணி. அது ஆறிப்போச்சி, இது ஆறிக்கினு கீது.”

அம்மா சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்தாள். தோள் குலுங்கியது.

“பாவம், வலியில எப்டி துடிக்குது பாரு! நடவு முடியிற வரைக்கும் எழுந்துக்காத” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வேகமாகக் கழனிக்குப் போனாள்.

பொய் சொல்வதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை என்று அன்று நான் பெருமைப்பட்டேன். அத்தைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனபோது, காயம் நகத்தளவுதானே என்று மறுநாளே அவளைப் புகுந்த வீட்டில் களை பறிக்க அனுப்பியது எனக்குத் தெரியாது. அவளுக்கு ஒட்டிவிட அங்கே ஒருவரும் இல்லை என்பதும் தெரியாது.