பிலோ அக்கா காட்டிய வலை

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் மட்டும் முடிந்திருந்தது. அப்படியே எழுந்து கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் அழுத கண்ணோடு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒரு பக்கம் மருந்து போட்டது, ஒரு பக்கம் போடாதது. அவ இருந்திருந்தா இதைத்தான்டா சொல்லியிருப்பா" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதானே அக்காவின் தொழில்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன், ஓய்வில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டிலும் கறை முழுதாகப் போனதில்லை. அக்கா ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். ரயில்வே தொழிலாளியின் மகள், டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தியவர். முனைவர் பட்டக்காரர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் "டிப்ளோமா" என்பார்கள். தங்கள் சோதனை சொதப்பினால் மட்டும் கறிபாப் பலகாரம் வாங்கிக்கொண்டு அவர் மேசைக்கு வருவார்கள். பெயர் சொல்லமாட்டேன். சிலர் இதைப் படிப்பார்கள்.

அக்காவின் மனம் முழுக்க வெள்ளையணுக்கள்தான். அவை கிருமியை விழுங்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அவற்றில் ஒரு வகை, விழுங்கி மாளாதபோது, தன் உட்கருவில் சுருண்டிருக்கும் டிஎன்ஏவைப் பிரித்து வெளியே வலையாக வீசும். கிருமிகள் அதில் சிக்கிக்கொள்ளும். "தன் குடலையே உருவி வீசுது, மணி. வீசுனப்புறம் பெரும்பாலும் அது பொழைக்காது" என்பார் அக்கா, பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. உலகம் அறிந்த செய்திதான். எங்கள் கூடத்தில் மட்டும் யாரும் அதைச் செய்து காட்டியதில்லை.

அக்கா செய்தார். நாங்கள் "டாக்டர்" என்று அழைக்கும் துறைத்தலைவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "பஞ்சுத் தூசி. கண்ணாடியை ஒழுங்காத் துடைங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் அந்த நுண்ணோக்கி வேறு குழுவுக்குப் போய்விடும். அக்காவுக்கு வேறு நுண்ணோக்கி கிடையாது, வேறு வாய்ப்பும் கிடையாது. டிஎன்ஏவை வெட்டும் நொதியை விடுவது என்று முடிவு செய்தார். பஞ்சாக இருந்தால் அப்படியே இருக்கும், வலையாக இருந்தால் கரைந்துபோகும்.

வியாழக்கிழமை அதைக் கெடுத்தவன் நான். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளையணுக் குழாயை ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு அக்கா போனார். அடியில் படிந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் நன்றாகக் குலுக்கிவைத்தேன். கிருமியே சேர்க்காத செல்கள்கூட மிரண்டு வலை வீசிவிட்டன. ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை.

"டீக்கடையில தே தாரிக் ஆத்துற மாதிரி ஆத்துனியா?"

"ரெண்டு தடவைதான், அக்கா."

"உனக்கு ரெண்டு தடவை. அதுங்களுக்கு நிலநடுக்கம்லா."

அந்தக் குழாயைக் கழிவுப் பெட்டியில் போட்டார். பிறகு, "டாக்டர்கிட்ட உன் பேரைச் சொல்லமாட்டேன். ஆனா நாளைக்கு ரத்தம் உன்னோடது" என்றார். இந்தச் செல்கள் சில மணி நேரத்தில் வீணாகிவிடும், அன்றன்றைக்குப் புதிதாக எடுக்க வேண்டும். ஊசியைக் கண்டால் எனக்கு என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளி காலை அதுவே ஆனது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கால்கள் கையுறைப் பெட்டிமேல், பக்கத்தில் ஒரு பாக்கெட் சோயா பால். அக்கா எனக்கு முதுகைக் காட்டியபடி குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, செத்துட்டேனா?"

"நீ ஒரு மணி நேரம் படுத்திருக்கலாம். உன் செல்லு காத்திருக்காது."

மதியத்துக்கு மேல், செல்களுக்குச் சாயம் ஏற்றி முடித்ததும், என்னைத்தான் முதலில் அழைத்தார். "வா, உன் ரத்தம், நீ பாரு." குனிந்து பார்த்தேன். "நூல் நூலா இருக்கு அக்கா" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு தலைவரை அழைக்கப் போனார்.

தலைவர் வந்தார். கிருமி சேர்த்ததில் வலை, சேர்க்காததில் செல்கள் உருண்டையாக, அமைதியாக. அக்கா நொதியை விட்டார். அரை மணி நேரம் மூவரும் காத்திருந்தோம். மறுபடி பார்த்தபோது வலை இல்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ பஞ்சு இல்லை."

"பஞ்சு இதுல கரையாது, டாக்டர்."

தலைவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்தினார். "நீங்க உட்காருங்க. அடுத்த வாரமும் இது உங்களுக்குத்தான்."

அதன் பிறகு பட்டக்காரர்களுக்கு அந்தச் சோதனையைக் கற்றுக்கொடுத்தவர் டிப்ளோமாக்காரிதான். கறிபாப் நின்றது, "மேடம்" வந்தது. அன்று அந்த அறையில் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குள்ள பெருமை, என் பெயரில் வந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கைப்பக்குவம்தான். கிச்சாப் சாஸ் போத்தலைக்கூட இப்போது மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அக்காவிடம் பயின்ற பெண் ஒருத்தியிடம் நான் பார்த்த வலையை வர்ணித்தேன், மெல்லிய கறுப்பு நூல்கள் என்று. "அங்கிள், அந்தச் சாயத்துல வலை பச்சையா ஒளிரும், சுத்திதான் கறுப்பு" என்றாள். "பழக்கமில்லாதவங்க குனிஞ்சா முதல்ல தெரியிறது அவங்க இமைமுடிதான்."