கேம் விளையாடிப் பழுதான கம்ப்யூட்டர்

மகள் கேம் விளையாடும்போது கம்ப்யூட்டரிலிருந்து சூடான தூசி மணம் வந்தது. சின்ன வயதில் வாழ்ந்த கெலிஓயா வீடு நினைவுக்கு வந்தது. தூசி படக்கூடாதென்று, ஓடும் கம்ப்யூட்டரையே வாப்பா தடித்த பூத்துணியால் மூடிவைப்பார். சூடேறிச் சூடேறி அது ஒருநாள் நின்றுபோனது.

“நீ கேம் வெளாடித்தான் பழுதாப் போச்சு!” என்று என்மேல் பாய்ந்தார். என்னைவிட அதிகம் விளையாடியது என் அண்ணன், மூத்த நானாதான். புதிய கம்ப்யூட்டர் அவருடைய அறைக்குப் போனது. என் கம்ப்யூட்டர் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

காற்றோட்டம் இருந்தால் கேம் எந்தக் கம்ப்யூட்டரையும் கொன்றுவிடாது. போன பெருநாளில் இதை வாப்பாவிடம் சொன்னேன்.

“அத இன்னும் மனசுல வெச்சிருக்கியா மகள்?” என்று சிரித்தார்.

கேம் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் என் முகத்தைப் பார்த்து, “உம்மா, நிப்பாட்டவா?” என்றாள்.

“வெளாடு!” என்று கத்திவிட்டேன்.