தொட்டியில் கிடந்த ஐந்து மதிப்பெண்

24-12-2015: யோசுவா 81, பத்ரோஸ் 70.
24-12-2016: யோசுவா 84, பத்ரோஸ் 72.
24-12-2017: ஓகிப் புயல். போட்டி இல்லை.
24-12-2018: யோசுவா 85, பத்ரோஸ் 75.
24-12-2019: யோசுவா 83, பத்ரோஸ் 78.
24-12-2020: கொரோனா. போட்டி இல்லை.
24-12-2021: யோசுவா 84, பத்ரோஸ் 80.
24-12-2022: யோசுவா 86, பத்ரோஸ் 84.
19-11-2023: பத்ரோஸின் மேற்கண்ட 84, 89 எனத் திருத்தப்பட்டது.
24-12-2023: தேவாலயக் கூரை வேலை. போட்டி இல்லை.
24-12-2024: யோசுவா 85, பத்ரோஸ் 69.

இவை கேரள எல்லையில் இருக்கும் காரோட்டில் எங்கள் பகுதித் தேவாலயம் நடத்தும் குடில் போட்டியின் மதிப்பெண்கள். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை வீட்டு முற்றத்தில் அமைப்பதுதான் குடில். நூற்றுக்கு மதிப்பெண். நடுவர்கள் போடுவதைக் கூட்டிப் பதிவேட்டில் எழுதுவது தாணுலிங்கமாகிய என் வேலை. நான் சைவன். நெய்யாற்றின்கரைத் தாலுகா அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். இந்தத் தேவாலயப் பங்கில் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் உறவு. உறவில்லாத ஒருவர் கூட்டினால் சண்டை வராது என்று பங்குத்தந்தை என்னை அழைத்தார். சண்டை வந்தது. அது கூட்டல் பிழையால் வந்ததல்ல.

பத்ரோஸ் 1963-இல் பொழியூர்க் கடற்கரையில் பிறந்தவர். நான்காம் வகுப்புவரை படிப்பு; பதினான்காம் வயது முதல் வள்ளம். 5-2-1990 அன்று ஜெம்மாவை மணந்தார். ஜெம்மாவின் குடும்பமும் கடற்கரைக் குடும்பம்தான். ஆனால் முன்பே மேட்டுக்கு ஏறி வந்து சிமென்ட் கடை போட்டுவிட்டது. மனம் உறைப்பு என்னும் நிச்சயதார்த்தத்தின்போது ஜெம்மாவின் அண்ணன் யோசுவா பத்துப் பேர் கேட்கச் சொன்னார்: "இவன் வீட்டுல சோறு வேகதுக்கு முன்னே கடல் வந்து அடுப்பை அணைச்சிரும்."

2009 ஆனி மாதம் கடல் உண்மையிலேயே வந்தது. அடுப்பை மட்டும் அல்ல, அடுக்களையையே எடுத்துக்கொண்டு போனது. பத்ரோஸ் காரோட்டில் நாலரை சென்ட் வாங்கி வீடு கட்டினார். அங்கிருந்து யோசுவாவின் மாடிவீட்டுக்கு முந்நூற்று ஐம்பது அடி. அன்று முதல் அவருக்கு ஒரே ஆசை: ஒரு கிறிஸ்மஸ் மதியமாவது யோசுவா தன் வீட்டில் அமர்ந்து, தன் அடுப்பில் வெந்த சோற்றைத் தின்ன வேண்டும்.

ஜெம்மாவுக்கு ஓர் அண்ணன், மூன்று தங்கைகள். பிள்ளைகளோடு எண்ணினால் பத்தொன்பது பேர். 25-12-2014 அன்று இரண்டு வீடுகளிலும் சமைத்தார்கள். பத்ரோஸ் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களும் யோசுவா வீட்டில் தின்றுவிட்டு வந்தவர்கள். நாலு கிலோ மாட்டிறைச்சி 28-ஆம் தேதிவரை தீரவில்லை. அடுத்த ஆண்டு குடில் போட்டி தொடங்கியபோது ஜெம்மாவின் நடுத்தங்கை ஒரு தீர்ப்புச் சொன்னாள்: யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவர் வீட்டில்தான் எல்லோருக்கும் கிறிஸ்மஸ் சாப்பாடு.

பத்ரோஸ் தோற்றுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் கடல். அவர் குடிலில் எப்போதும் கடல் இருக்கும். நீலத் தார்ப்பாய், அதன்மேல் சிறு வள்ளம், வள்ளத்தில் வலையோடு இரண்டு பேர். நடுவராக வரும் பிஜி டீச்சர் ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்: "சேட்டா, பெத்லகேமில கடல் ஏது?"

"இல்லேண்ணு டீச்சர் போய்ப் பார்த்தியளா?"

"படத்துல பார்த்தேன். பாலைவனம் ஆக்கும்."

"படம் எடுத்தவன் அந்தப் பக்கம் திரும்பி நிண்ணு எடுத்திருப்பான்."

இதற்காக ஆண்டுக்குப் பத்து மதிப்பெண் போகும். 2018-இல் யோசுவா தன் குடிலில் உயிருள்ள ஆட்டுக்குட்டியைக் கட்டினார். அதற்கு மூன்று மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது. இதைப் பத்ரோஸ் மறக்கவில்லை.

2022-இல் அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடலை விட்டார். தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டார். குன்னத்துகாலிலிருந்து செம்மண் வரவழைத்துச் சலித்து விரித்தார். பழைய வள்ளப் பலகையை அறுத்துத் தீவனத் தொட்டி செய்தார். நீளம் இரண்டடி. அதில் கிடத்த வேண்டிய குழந்தை இயேசு சுரூபமோ எட்டு அங்குலம். வள்ளம் செய்து பழகிய கை. சிறிதாகச் செய்ய வரவில்லை.

போட்டியின் ஏழாம் விதி இது: நடுச்சாமப் பூசை முடிந்தே சுரூபத்தைத் தொட்டியில் கிடத்த வேண்டும், அதுவரை தொட்டி காலியாக இருக்க வேண்டும், மீறினால் ஐந்து மதிப்பெண் குறையும். பத்ரோஸ் சுரூபத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

அன்று மாலை 5.10-க்கு நடுவர்களோடு நானும் போனேன். செம்மண்ணைப் பார்த்ததும் பிஜி டீச்சர் முகம் மலர்ந்தது. குனிந்தார். நிமிர்ந்தார்.

"சேட்டா, தொட்டியில கொச்சு கிடக்குதே."

கிடந்தது. பத்ரோஸின் மகள் லிஷா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு நாள். ஷார்ஜாவில் இருக்கும் மருமகன் ஜித்தின், பிள்ளையைக் குடிலில் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறான். ஜெம்மா கிடத்தியிருக்கிறார். தொட்டி அளவெடுத்தாற்போல் பொருந்தியதில் குழந்தை தூங்கிவிட்டது. எழுப்ப மனம் வரவில்லை.

"அது எனக்க பேத்தி ஆக்கும்," என்றார் பத்ரோஸ்.

"ஆரா இருந்தாலும் தொட்டி காலியா இருக்கணும்லா. ஏழாம் விதி."

"டீச்சரே, இது பெம்பிள்ளை! உண்ணியேசு பெம்பிள்ளையா? வேணும்னா துணியை அவிழ்த்துக் காட்டட்டா?"

"வேண்டாம். காற்று அடிச்சா கொச்சுக்குச் சளி பிடிக்கும்," என்று சொல்லிக்கொண்டே பிஜி டீச்சர் ஐந்தை வெட்டினார்.

89 போய் 84 ஆனது. யோசுவாவுக்கு 86. மறுநாள் எல்லோரும் வழக்கம்போல் யோசுவா வீட்டுக்குப் போனார்கள். பத்ரோஸ் மட்டும் போகவில்லை, பழங்கஞ்சி குடித்தார்.

4-1-2023 முதல் பங்குத்தந்தைக்குப் பத்ரோஸிடமிருந்து கடிதங்கள் வந்தன. மொத்தம் நான்கு, எல்லாம் மலையாளத்தில், எல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். தேவாலயம் அவர் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் கடிதம் முறையீடு. இரண்டாவதில் பிறப்புச் சான்றிதழின் நகல்; 'பெண்' என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு. மூன்றாவது, முதல் இரண்டுக்கும் பதில் வராதது பற்றி. நான்காவதில் ஒரே ஒரு கேள்வி. அதைத் தமிழில் தருகிறேன்: "யோசுவாவின் ஆட்டுக்குட்டி உயிரோடு நின்றதற்கு மூன்று மார்க் கூடுதல். என் பேத்தி உயிரோடு கிடந்ததற்கு ஐந்து மார்க் குறைவு. ஆட்டுக்கு உள்ள மதிப்பு என் பேத்திக்கு இல்லையா?"

பங்குத்தந்தை இதை மூன்று முறை படித்ததாக என்னிடம் சொன்னார். 19-11-2023 ஞாயிறு பூசைக்குப் பின் கமிட்டி கூடி, ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தது. நான் பதிவேட்டில் திருத்திக் கையொப்பமிட்டேன். அந்த ஆண்டு போட்டி இல்லாததால், பாக்கி நின்ற சாப்பாட்டை 25-12-2023 அன்று பத்ரோஸ் வீட்டில் வைப்பது என்று முடிவானது. பத்ரோஸ் அன்றே போய் வாழையிலைக்குச் சொல்லிவிட்டார்.

என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்கென்று தனியாகப் பருப்பும் பப்படமும் பாயசமும். பத்தொன்பது பேரை எதிர்பார்த்தார்கள். யோசுவா தன் மனைவியின் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்ததால் இருபத்தேழு. கூடத்தில் முதல் பந்தி பதினொன்று, அடுத்த பந்தி பதினேழு. இறைச்சி, கோழி, மீன், மரச்சீனிக் கிழங்கு, முந்திரிக்கொத்து. யோசுவா இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தார்.

"எப்படி அளியா, எனக்க வீட்டுச் சோறு?" என்று மைத்துனரிடம் கேட்டார் பத்ரோஸ். முப்பத்து மூன்று ஆண்டுகளாக வைத்திருந்த கேள்வி.

யோசுவா ஏப்பம் விட்டார். "சத்தியமா சொல்லுதேன் அளியா, இத்தனை வருஷம் கறி வாங்கி வாங்கி எனக்க கை தேய்ஞ்சு போச்சு. இனி எல்லா வருஷமும் நீதான் ஜெயிக்கணும். செம்மண்ணு வேணும்னா நான் லாரியில அடிச்சுத் தாறேன்."

அவர் மனைவியும் தலையாட்டினார். அந்த அம்மாள் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பத்ரோஸ் வெற்றியோடு அடுக்களைக்குப் போனார். கைகழுவப் பின்புறம் சென்ற எனக்கும் அடுக்களை தெரிந்தது. மணி 3.40. ஜெம்மா கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். இறைச்சித் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. காலை நான்கு மணிக்கு மூட்டிய அடுப்பு அப்போதுதான் அணைந்திருந்தது.

"ஜெம்மா, உனக்க அண்ணன் ரெண்டு பந்தி தின்னான், கண்டியா?"

"கண்டேன். இலையில சோறு விளம்புனது நான்லா."

"உனக்குச் சந்தோசம் இல்லியா?"

ஜெம்மா சட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "வருஷத்துல முந்நூத்தி அறுபத்தி நாலு நாளு நான் விளம்புதேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்க அண்ணன் வீட்டுல நான் காலை நீட்டி இருந்து, இன்னொருத்தி விளம்பித் தின்னுவேன். அதையும் நீங்க ரெஜிஸ்டர் தபாலு போட்டுப் போட்டு இல்லாம ஆக்கிப் போட்டிய."

"நீ இதை முன்னே சொல்லலியே."

"நீங்க கேட்டியளா? அச்சனுக்கு நாலு கடிதம் எழுதினிய. எனக்கிட்ட ஒரு வாக்கு கேட்டியளா?"

பத்ரோஸ் வெளியே வந்து, பாத்திரம் கழுவும் கல்லருகே குத்தவைத்து அமர்ந்தார். இருபத்தேழு பேருக்குச் சமைத்த பாத்திரங்கள். ஒன்றை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். சாம்பலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஜெம்மா உள்ளிருந்தே சொன்னார். நான் விடைபெற்ற 4.25-க்கும் அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. பங்குத்தந்தைக்கு அல்ல, எனக்கு. முழுவதையும் தமிழில் தருகிறேன்.

"தாணு சாருக்கு. நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். பெண்பிள்ளையாக இருந்தாலும் குழந்தை குழந்தைதான். அன்றைக்குத் தொட்டி காலியாக இல்லை. டீச்சர் வெட்டியது சரி. ஆகையால் ஐந்து மார்க்கையும் திரும்ப வெட்டித் தரவும். அச்சன் சம்மதிக்காவிட்டால் கவலை இல்லை. பரணிலிருந்து தார்ப்பாயை எடுத்துவிட்டேன். வரும் கிறிஸ்மஸுக்குக் கடல் உண்டு. இந்த முறை இரண்டு வள்ளம். இப்படிக்கு, பத்ரோஸ்."

ஒருமுறை திருத்திய மதிப்பெண்ணை மறுபடி திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே 89 அப்படியே இருக்கிறது. கடிதத்தை அந்தப் பக்கத்தில் ஒட்டி, ஓரத்தில் எழுதினேன்: பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு, வந்து சேர்ந்த நாள் 4-1-2024, வியாழன்.