கதவில் தொங்கிய துண்டு

குற்றாலத்தில் சீசன் நேரம். நான் முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்த விடுதியில் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஈரத்துணியோடு குழந்தைகள் வாசலில் நின்று அழுதன. மேலாளர் என்னைத் தென்காசியிலிருந்து வரவழைத்தார்.

"பூட்டு போட்டிருக்கேன்னு சொன்னியேலே, எங்க அது?"

போட்டுத்தான் இருந்தேன். பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸில் அறை எண்ணின் பெயரில் ஒரு பூட்டைப் போட்ட பிறகுதான் என் நிரல் பதிவை எழுதும். டேட்டாபேஸ்தான் கோளாறு என்று சாதித்துவிட்டு, சாரலில் நனைந்த உடம்போடு பொதுக் குளியலறைக்குப் போனேன். தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று என் துண்டைக் கதவின் மேல் போட்டேன்.

எண்ணெய் வழிய ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் துண்டால் அக்குளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! துண்டு கிடக்குல்லா?"

"துண்டை யாரு பாத்தா? தள்ளுனேன், தொறந்துட்டு. பொறவுதான் இது கையில வந்து விழுந்துச்சு."

அப்போதுதான் புரிந்தது. என் பூட்டும் வெறும் துண்டுதான். பூட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிற நிரலை மட்டுமே அது நிறுத்தும். தொலைபேசிப் பதிவுக்கு வேறொருவர் எழுதிய நிரல் எதையும் கேட்காமல் நேராக டேட்டாபேஸின் பதிவு அட்டவணையில் எழுதுகிறது. அதைத் தடுக்கும்படி டேட்டாபேஸிடம் நான் சொல்லவே இல்லை.

ஒரே அறைக்கு ஒரே நாளில் இரண்டாம் பதிவு வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி அட்டவணையில் விதி வைத்துவிட்டுக் கிளம்பினேன். குளித்து முடித்திருந்த அந்த எண்ணெய் அண்ணாச்சி என் துண்டை மடித்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்தத் துண்டைவிட, 'பூட்டியிருக்கேன்' என்று நான் அடித்த தம்பட்டம்தான் அதிகம் நாறியது.