ஃபோலி பச்சை, கோசிவா பச்சை

கானா நாட்டு ஹோ நகரின் சந்தைக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த செனாமுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணப் படத்தில் கண்ணை மூடிய மாப்பிள்ளைக்குக் கண் திறந்துவைப்பாள். வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். "செனாம் கிட்ட குடுத்தா வழுக்கையிலயும் முடி முளைக்கும்" என்று ஊரே சொல்லும். அந்தப் பெயரால்தான் அண்ணன் தங்கை சண்டை ஒன்று அவள் தலையில் வந்து விழுந்தது.

ஃபோலி ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. தங்கை கோசிவா துணி வியாபாரி. அப்பா விட்டுப்போன மாடிவீட்டுக்குக் கிழங்குத் திருவிழாவுக்குள் வெள்ளையடித்து வண்ணம் பூச வேண்டும். அண்ணனுக்குச் சாம்பல் நீலம், தங்கைக்கு மஞ்சள். பூசுவதற்கு முன்பே எப்படியிருக்கும் என்று படத்தில் பார்த்துவிடலாமே என்று வந்தார்கள், ஆளுக்கொரு நாளாக.

செனாம் வீட்டைப் படமெடுத்தாள். ஜன்னல், கதவு, கூரை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுவரை மட்டும் கம்ப்யூட்டரில் பிரித்தெடுத்தாள். அதன்மேல் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனி லேயராக, கண்ணாடித்தாளைப் போர்த்துவதுபோலப் போர்த்தினாள். சுவரின் நிழலும் விரிசலும் அடியில் அப்படியே தெரிந்தன. ஒரு லேயரை அணைத்தால் அந்த வண்ணம் போய்விடும், இன்னொன்றைப் போட்டால் புது வீடு.

"இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்றாள் கோசிவா, அண்ணனின் நீலத்தைப் பார்த்து.

"இந்த மஞ்சள்ல நான் குடியிருந்தா ஊர்க்காரன் வாழைப்பழம்னு உரிச்சுப்புடுவான்" என்றார் ஃபோலி.

இப்படியே மூன்று வாரம். பதினேழு வண்ணம். செனாமின் பொறுமை தீர்ந்த அன்று, இளம் மாங்காய்ப் பச்சை ஒன்றைப் போட்டு அதே லேயரை நகலெடுத்தாள். ஒன்றுக்கு 'ஃபோலி', மற்றொன்றுக்கு 'கோசிவா' என்று பெயரிட்டாள்.

"அண்ணே, இத உங்க தங்கச்சிகிட்ட காட்டிராதீங்க. இந்தப் பச்சையக் கண்டாலே அவங்களுக்கு வயித்தப் பொரட்டுதாம்."

ஃபோலியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? இதையே அடிச்சுரலாம்!"

மறுநாள் அதே பாட்டைத் தங்கையிடமும் பாடினாள். "அக்கா, உங்கண்ணனுக்கு இது வேப்பங்காயா கசக்குதாம்." கோசிவா கைதட்டி எழுந்துவிட்டாள்.

வினை வெள்ளிக்கிழமை வந்தது. இருவரும் தத்தம் வெற்றியை மற்றவர் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். செனாம் வேறு வழியில்லாமல் படத்தைத் திறந்தாள்.

"என் லேயர மேல வையி" என்றார் ஃபோலி. வைத்தாள்.

"ஏன், எனக்கென்ன கொறச்சல்? என்னோடத மேல வையி." அதையும் வைத்தாள்.

மேலே எது, கீழே எது என்று நாலு முறை மாற்றியாயிற்று. சுவர் மட்டும் மாறவேயில்லை. முப்பது வருஷம் பெட்டிகளைக் குடைந்து கடத்தல் பிடித்த கண், திரைக்கு அருகே குனிந்தது.

"கோசி, இங்க வா. ரெண்டும் ஒரே பச்சை."

"அட ஆமா!" கோசிவா செனாமின் காதைப் பிடித்தாள். "ஏண்டி களவாணி, அண்ணனுக்கு வேப்பங்காய்னு என்கிட்ட சொன்ன?"

"என்கிட்ட உனக்கு வயித்தப் பொரட்டுதுன்னா! இவள சும்மா விடக்கூடாது கோசி."

"விடவே கூடாதுண்ணே."

இருவரும் ஒரே பேச்சில் நின்றதைச் செனாம் அன்றுதான் பார்த்தாள். காது வலித்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் விதித்த தண்டனை, திருவிழாவன்று அந்த வீட்டு முற்றத்தில் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவளே வெந்த கிழங்கை உரலில் இடித்து ஃபுஃபு களி செய்துபோட வேண்டும் என்பது.

இடித்தாள். பச்சை வீட்டின் முன்னால், உள்ளங்கை கொப்புளிக்கக் கொப்புளிக்க இடித்தாள். ஆட்டுக்கறிச் சாறு கொதிக்கும் வாசனையில் பசி வேறு குடலைப் பிடுங்கியது.

"கட்டி இருக்குடி, இன்னும் இடி" என்றாள் கோசிவா. "நல்லா ஓங்கி இடி" என்றார் ஃபோலி. பிறகு இருவரும் அவளை நடுவில் உட்காரவைத்து, ஆட்டுக்கறியில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் கிண்ணத்தில் போட்டார்கள்.

பாதிச் சாப்பாட்டில் ஃபோலி வெளிக்கதவைப் பார்த்தார். "அதுக்குக் கறுப்புதான் எடுப்பா இருக்கும்."

"கறுப்பா? இது என்ன சாவு வீடா? வெள்ளை!"

இருவரும் ஒருசேரச் செனாம் பக்கம் திரும்பினார்கள். அவள் எலும்பைக் கடித்தபடியே சொன்னாள்: "கம்ப்யூட்டர் நேத்தே செத்துப்போச்சு."