கிளியைத் திருத்தியவள்

கொடைக்கானலில் கிளி வளர்ப்பவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு கால்நடை கிளினிக்கில் பல வருடம் உதவியாளராக இருந்த பழக்கம். கத்துகிறது, கடிக்கிறது, இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்று கிளியின் மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். பெரும்பாலும் வைத்தியம் தேவைப்படுவது கூண்டுக்கு வெளியே இருப்பவருக்குத்தான். அதைச் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

பேத்துப்பாறைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் கூப்பிட்டார். குளிருக்கு பல்பு போட்ட கூண்டில் வெளிநாட்டுச் சாம்பல் கிளி. நான் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிவிட்டு, "ஏ மூதேவி, எங்கடி செத்துக் கெடக்க?" என்றது.

"டிரைவர் பயலுக சொல்லிக் குடுத்துட்டானுக மேடம். கெஸ்ட் முன்னாடி மானம் போகுது" என்றார்.

டிரைவர்கள் அங்கே எவளை 'டி' போட்டுக் கூப்பிடப் போகிறார்கள்? குரலும் செருமலும் அவருடையவை. கிளி சொல்லை மட்டும் எடுக்காது, தொண்டையையும் சேர்த்தே எடுக்கும்.

கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தாள்.

"அக்கா, அத அப்பிடியே விட்டுருங்க. மேல்மலைல, போளூர்ல இருக்குற எங்க அண்ணங்கிட்ட இவரு பேசுற பேச்ச எத்தனையோ தடவ சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறாரு. அவரு முன்னாடி இவரு தேனா பேசுவாரு. திருவிழாவுக்கு அண்ணன் வருது. ஒரு தடவ இது வாயால கேட்டாப் போதும்."

எனக்கு என் கெட்டிக்காரத்தனம். "கிளி திருந்தணும்னா வீட்ல ஒருத்தரும் அந்தச் சொல்லச் சொல்லக் கூடாது. அவரும் திருந்தித்தான் ஆகணும்" என்றேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைப்பு.

"அவரு வெவரமான ஆளுக்கா" என்றாள்.

கிளியின் கெட்ட சொல்லுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றால் வேர்க்கடலை கொடுப்பேன். சில வாரங்களில் அவர் கூண்டை விருந்தினர் கூடத்துக்கு மாற்றினார். வீட்டுப் பேச்சு காதில் விழாத இடம், நல்லதுதான் என்று நானும் தலையாட்டினேன். பிறகு ஒருநாள் வீட்டுச் சமையலறைப் பக்கம் போனபோது அதே செருமல், அதே மூதேவி. இந்த முறை கிளி இல்லை. கேட்டுவிட்டு வந்துவிட்டேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா?

திருவிழாவுக்கு எனக்கும் சாப்பாடு சொல்லியிருந்தார். அண்ணன் பூண்டு மூட்டையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவள் கதவோரம் நின்றாள். கிளி செருமியது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வாங்க, சாப்பிட்டீங்களா?"

அண்ணன் சிரித்துவிட்டார். தங்கையிடம், "கிளிக்கே இம்புட்டு மரியாத பழக்கிருக்காரு மாப்ள. இவரயா நீ கொற சொல்லிக்கிட்டுத் திரியுற?" என்றார்.

"எல்லாம் மேடம் கைராசிங்க" என்று அவர் என்னைக் காட்டினார்.

ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். அவள் தலைகுனிந்து உள்ளே போய் இலை போட ஆரம்பித்தாள். கிளி கூண்டுக் கம்பியில் ஒட்டி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடலையைக் கொடுத்தேன்.