பாதி மூடிய கிணற்றில் இரண்டு இழுப்பு

இதைக் கற்பனை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் அந்தக் கிணற்றருகே நின்றதில்லை.

எழுபது வருஷத்துக்கு முந்தைய கொலை ஒன்றைத் தொடர்கதையாக எழுதிக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரரை வெட்டிக் கொன்றுவிட்டு, கிணறு வெட்ட வந்தவன் நகையோடு ஓடிப்போனான் என்பது வழக்கு. ஆள் அகப்படவே இல்லை. சொத்து முழுக்கப் பண்ணைக்காரரின் தம்பிக்குப் போனது. கடைசி அத்தியாயத்துக்குக் கிணற்றின் ஆழம் தேவைப்பட்டது. போனேன்.

கூட வந்தவள் ஓடிப்போனவனின் பேத்தி. அவளும் கிணறு வெட்டுகிறவள்தான். ஊரில் அவளுக்குப் பெயரே 'கொலைகாரன் பேத்தி'.

"உள்ளேருந்து கத்தினா மேல கேக்காது சார். கயித்துலதான் பேச்சு. ஒரு இழுப்புன்னா நிறுத்து. ரெண்டுன்னா தூக்கு."

அந்தத் தம்பியின் பேரன்தான் இப்போது பண்ணைக்கு முதலாளி. அரிவாளோடு தென்னை மட்டை சீவிக்கொண்டிருந்தவர் முறைத்தார்.

"ஓடிப்போனவனைப் பத்தி எழுதுங்க. கிணத்தை எதுக்கு நோண்டறீங்க? அதான் தாத்தா காலத்துலயே பாதிக்கு மண்ணு போட்டு மூடியாச்சே!"

நான் கேட்கவில்லை. உள்ளங்கை அளவு கல் ஒன்றை எடுத்து, பழக்க தோஷம், சிவப்புப் பேனாவால் தேதி போட்டேன். கயிற்றில் கட்டி இறக்கினேன்.

மணி பன்னிரண்டு நாற்பது.

முப்பதாவது அடியில் தரை தட்டியது. காய்ந்த மண். கயிறு தொய்ந்தது.

பிறகு... விறைத்தது.

கயிறு இன்னும் இறங்கியது. மண்ணுக்குள். சரசரவென்று, என் கையை உரசிக்கொண்டு.

ஐம்பத்திரண்டாவது அடியில் நின்றது.

ஓர் அசைவும் இல்லை.

விசுக்...

விசுக்...

இரண்டு இழுப்பு.

பேத்தி பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தாள். "தூக்கச் சொல்றாங்க சார்!"

இருவரும் இழுத்தோம். ஓர் ஆளின் கனம்.

முதலாளி அரிவாளை ஓங்கினார். "விடுங்க! அறுத்துடுவேன்!"

"அரிவாளைக் கீழ போடுங்க. கயித்துல எங்க ஆளு இருக்காரு."

அவள் குரல் நடுங்கவில்லை. ஓங்கிய அரிவாள் இறங்கவில்லை.

சட்டென்று கனம் போய்விட்டது. கயிறு மேலே வந்தது. கல் இல்லை. கயிறு அறுபடவில்லை. முடிச்சை யாரோ அவிழ்த்திருந்தார்கள்.

"இனிமே இந்தப் பக்கம் வந்தா காலை உடைப்பேன்" என்றார் முதலாளி.

"உடைங்க. தவழ்ந்து வந்து தோண்டறேன்" என்றாள்.

அன்றே கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதியதில் ஒரே கேள்வி: அவன் கிணற்றைவிட்டு ஏறியதைப் பார்த்தது யார்? முதலாளியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதிலுக்கு அதே கேள்வியை மறுவாரமும் அச்சிடவைத்தேன். நாற்பதாம் நாள் போலீஸ் முன்னிலையில் தோண்டினார்கள். கடைசியில் இறங்கியது அவள். மேலே கயிறு பிடித்தது நான்.

ஐம்பத்திரண்டு அடியில் எலும்புக்கூடு. பக்கத்தில் கடப்பாரை. நகை எதுவும் இல்லை. இடுப்பில் கயிறு. அதன் மறுமுனை ஒரே வெட்டில் அறுபட்டிருந்தது. அவன் கொல்லவும் இல்லை, ஓடவும் இல்லை.

இரண்டு இழுப்பு வந்தது. தூக்கினோம். பேத்தி ஏறி வந்து என்முன் கையை விரித்தாள்.

"அவரு விரலுக்குள்ள இருந்துச்சு. உங்க எழுத்துதானே சார்?"

கல். சிவப்பு மையில், நான் போட்ட தேதி.

அதன்மேல் இருந்த இருபத்திரண்டு அடி மண்ணும் எழுபது வருஷமாக அசையாத, இறுகிய மண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் போலீஸ் அதிகாரி.